எண்ணப்படாத வேலையிழப்புகள்

ஒவ்வொரு வியாழக்கிழமையும் அமெரிக்கத் தொழில் திணைக்களம் ஓர் எண்ணை வெளியிடுகிறது. முந்தைய கிழமையில் எத்தனை பேர் முதன்முறையாக வேலையின்மைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார்கள் என்பதே அந்த எண். 2020 மார்ச் கடைசிக் கிழமையில் அது 60 இலட்சத்தைத் தாண்டியது. கொரோனா முடக்கத்தின் பாதிப்பை மற்றப் பொருளாதாரக் கணக்குகள் வருமுன்பே அது காட்டிவிட்டது.

காங்கேசன்துறையில் சந்தித்த மேசன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "எனக்குக் கிழமையிலை ரெண்டு நாள் வேலை வந்தாலே பெரிசு, தங்கச்சி. மிச்ச நாள் வேலை இல்லையெண்டு நான் எங்கை போய்ப் பதியிறது?"

பதிய இடமில்லை. இலங்கையில் வேலையின்மைக் காப்புறுதி கிடையாது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதி முதுமைக்கானது. பணிநீக்க இழப்பீட்டுக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும குடும்பத்தின் வறுமையைப் பார்க்கிறது. போன கிழமை வேலை போனதா என்று அது கேட்பதில்லை.

எங்களிடம் இருப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டுதோறும் நடத்தும் தொழிற்படைக் கணக்கெடுப்பு. அதன்படி, குறித்த கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே ஒருவர் தொழில் உள்ளவர். அந்த மேசனும் அப்படித்தான்.

இதனால் என்ன நடக்கிறது? 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 வீதத்துக்கும் மேல் சுருங்கியது. ஆனால் 2021இல் 5.1 வீதமாக இருந்த வேலையின்மை 2022இல் 4.7 வீதமாகக் குறைந்தது. கொடுப்பனவு இல்லாத நாட்டில் சும்மா இருக்க முடியாது. கிடைக்கிற கூலி வேலைக்குப் போகிறவர் தொழில் உள்ளவராகிறார். தேடிக் களைத்து நிறுத்தியவர் தொழிற்படையிலேயே இல்லை. வெளிநாடு போனவர் கணக்கில் வருவதில்லை.

எங்களுக்கு இன்னொரு இடைவெளியும் உண்டு. இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியது 1990இல். அதே ஆண்டில்தான் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1950 முதல் இயங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றுபோனது. தொழிற்சாலையோடு கடற்றொழிலும் தோட்டமும் போயின. போர்க் காலத்தின் பெரும்பகுதியில் வடக்கு இந்தக் கணக்கெடுப்புக்கு வெளியே இருந்தது. அந்த வேலையிழப்புகள் எந்தக் காலாண்டு அட்டவணையிலும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை "வேலையின்மை குறைந்தது" என்ற செய்தியை வாசிக்கும்போது இன்னும் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, தொழிற்படைப் பங்கேற்பு வீதம். அதுவும் சேர்ந்து குறைந்திருந்தால், ஆட்கள் வேலை தேடுவதையே விட்டிருக்கக்கூடும். மற்றது, போதிய நேரம் வேலை கிடைக்காதவர்களைக் காட்டும் கீழுழைப்பு வீதம். இரண்டையும் அதே திணைக்களம்தான் வெளியிடுகிறது. அந்த மேசனின் மிச்ச ஐந்து நாள்கள் ஓரளவுக்காவது தெரிவது அங்கேதான்.