மணலில் ஊன்றிய கை
கண்ணில் தங்கிய படங்கள் – 14

ரோஹிங்கியா அகதிகளைப் பற்றிய ராய்ட்டர்ஸ் படவரிசையில் பதறவைக்கும் படங்களுக்குக் குறைவில்லை. நிவாரணப் பொருளுக்காக நீளும் கைகள் இருக்கின்றன. படகு கவிழ்ந்து இறந்த கைக்குழந்தையை ஏந்தி அழும் தாய் இருக்கிறார். ஏழு பேர் சேர்ந்து எடுத்த அந்த வரிசைக்கு 2018-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது டேனிஷ் சித்திக்கி எடுத்த ஒரு படத்தின் முன்னால்.

2017 செப்டம்பர் 11 அன்று எடுத்தது. இடம், வங்கதேசத்தின் தென்கோடியில் நாஃப் ஆறு கடலில் கலக்கும் ஷா பொரிர் த்வீப். படகில் வந்து இறங்கிய ஒரு பெண் குனிந்து கரை மணலைத் தொடுகிறார். பின்னால் ஆண்கள் படகிலிருந்து சாமான்களை இறக்குகிறார்கள். அவ்வளவுதான் படம்.

பத்திரிகைப் படம் எடுப்பவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, முகத்தை விடாதே என்பது. கண்ணீர் இருந்தால் முதல் பக்கம். நானும் அப்படித்தான் பழகினேன். இந்தப் படத்திலோ பார்வை முதலில் போவது கைக்கு. பின்னணியை வெட்டி எறிந்திருந்தால் இது துயரத்தின் க்ளோஸப்பாக, எந்த ஊரிலும் எடுத்திருக்கக்கூடிய படமாகச் சுருங்கியிருக்கும். சாமான் இறக்குபவர்களை ஃபிரேமுக்குள் விட்டுவைத்ததால், அவர் பாடு அவருக்கு, அவர்கள் வேலை அவர்களுக்கு என்று கரை கரையாகவே இருக்கிறது.

அவர் ஏன் மணலைத் தொட்டார்? பிழைத்து வந்த மண்ணை வணங்கினார் என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கால் தள்ளாடி ஊன்றியிருக்கலாம். தலை சுற்றியிருக்கலாம். படக்குறிப்பைப் பாருங்கள்: களைத்துப்போன அகதிப் பெண், வங்கக் கடல் வழியே எல்லை தாண்டி வந்து கரையைத் தொடுகிறார், பிறகு இடம், தேதி. வணங்கினார் என்றோ நன்றி சொன்னார் என்றோ ஒரு சொல் கிடையாது. கேமராவுக்குத் தெரியாததைக் குறிப்பும் சொல்லக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. பரிசுக்கு அனுப்பும் நேரத்தில் எங்களில் பலருக்குக் கை அரிக்கும்.

அவரைப் போன்றவர்கள் ஓடிவந்ததன் பின்னணி இது: 2017 ஆகஸ்ட் 25-ல் ரோஹிங்கியா ஆயுதக் குழு மியான்மரின் போலீஸ் சாவடிகளைத் தாக்கியது. பதிலுக்கு ராணுவம் ரோஹிங்கியாக்கள் வாழும் ராக்கைன் மாநிலத்தில் இறங்கியது. கிராமங்கள் எரிந்தன. அடுத்த சில மாதங்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். ஆற்றையும் கடலையும் மீன்பிடிப் படகுகளில் கடந்தவர்கள் ஏராளம். கரை சேராதவர்களும் உண்டு.

படத்தை எடுத்த சித்திக்கி தில்லி ஜாமியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொலைக்காட்சி நிருபராக இருந்து, பிறகு கேமராவுக்கு வந்தார். நேரில் போக முடியாத சாதாரண மனிதனுக்காகவே படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில், அரசுப் படைக்கும் தாலிபானுக்கும் நடந்த மோதலைப் பதிவு செய்யப் போன இடத்தில் கொல்லப்பட்டார். வயது 38. இந்தியாவின் கோவிட் நாட்களைப் படமெடுத்ததற்காக மூன்று சக கலைஞர்களோடு அவருக்கு 2022-ல் மீண்டும் புலிட்சர் கிடைத்தது. அந்த வரிசையை அடுத்த வாரம் பார்ப்போம்.