மாநாட்டுக்கு முந்தைய ஓராண்டு

'கண்ணிவெடித் தடை ஒப்பந்த மீளாய்வு மாநாடு' என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். எங்கோ ஒரு நகரில் கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள், கலைந்தார்கள் என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த நான்கு வரிக்குப் பின்னால் ஓராண்டு வேலை இருக்கிறது. மாநாட்டின் ஐந்து நாளில் நடப்பதைவிட அந்த ஓராண்டில் நடப்பதுதான் பெரிது என்பது என் கருத்து. 2024 நவம்பரில் கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் நடந்த ஐந்தாவது மாநாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒப்பந்தம். 1997 செப்டம்பரில் ஓஸ்லோவில் வாசகம் முடிவானது. டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடியைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, புதைக்கக் கூடாது. கிடங்கில் இருப்பதை நான்கு ஆண்டில் அழிக்க வேண்டும். மண்ணில் இருப்பதைப் பத்து ஆண்டில் எடுக்க வேண்டும். காயப்பட்டவர்களைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை, பார்வையாளராக வந்துபோகிறது. ஆனாலும் உறுப்பு நாடுகளின் கிடங்குகளிலிருந்து ஐந்தரைக் கோடி வெடிகள் அழிக்கப்பட்டுவிட்டன. சாதாரண வேலையில்லை இது.

சொன்னதைச் செய்தார்களா என்று கணக்குப் பார்க்கத்தான் மீளாய்வு மாநாடு. ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவே இதைச் சொல்கிறது. 2004இல் நைரோபி, 2009இல் கார்ட்டஹேனா, 2014இல் மபுட்டோ, 2019இல் ஓஸ்லோ, பிறகு சியெம் ரீப்.

சரி, ஆயத்தம் என்றால் என்ன? மண்டபம் பிடிப்பதும் விசா கொடுப்பதும் இருக்கட்டும். மூன்று ஆவணங்கள் தயாராக வேண்டும். கடந்த ஐந்தாண்டில் என்ன நடந்தது என்ற மதிப்பீடு ஒன்று. அடுத்த ஐந்தாண்டுக்கான செயல்திட்டம் இரண்டாவது. நாடுகள் சேர்ந்து வெளியிடும் பிரகடனம் மூன்றாவது. இந்த மன்றத்தில் வாக்கெடுப்பு வழக்கமில்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வாசகம்தான் நிற்கும். அதனால் சண்டை சச்சரவெல்லாம் ஜெனீவாவில் நடக்கும் ஆயத்தக் கூட்டங்களிலேயே முடிந்துவிட வேண்டும். மாநாட்டு மேடையில் வந்து உட்கார்ந்த பிறகு திருத்த நேரம் கிடையாது.

அந்தச் சண்டை பெரும்பாலும் வினைச்சொற்களைப் பற்றியது. 'முயற்சி எடுப்போம்' என்று எழுதினால் யாரையும் எதையும் கேட்க முடியாது. 'இன்ன ஆண்டுக்குள் செய்து அறிக்கை தருவோம்' என்று எழுதினால் கேட்கலாம். நைரோபி செயல்திட்டத்தில் 70 அம்சங்கள் இருந்தன, கார்ட்டஹேனாவில் 67, மபுட்டோவில் 31, ஓஸ்லோவில் 50. எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் பெரிய செய்தியல்ல. ஓஸ்லோ திட்டத்தில்தான் முதல்முறையாக ஒவ்வோர் அம்சத்துக்கும் அளவுகோல் வைத்தார்கள். ஓர் உதாரணம்: வெடி புதைந்த நிலத்தின் எல்லையை ஆதாரத்தோடு துல்லியமாகக் குறித்து, நாட்டின் மொத்தப் பரப்பை 2021க்குள் சொல்ல வேண்டும் என்று அதில் ஓர் அம்சம். சொன்ன நாடுகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். சியெம் ரீப்புக்கான மதிப்பீட்டு ஆவணத்துக்கு எலும்பும் சதையும் கொடுத்தது இந்த எண்ணிக்கைதான்.

எல்லையைக் குறிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. கம்போடியாவில் 2002இல் முடிந்த கணக்கெடுப்பு, சுமார் 4,500 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. பயத்தில் சொன்னதையெல்லாம் சேர்த்தால் அப்படித்தான் வரும். அத்தனையையும் தோண்ட எந்த நாட்டிடமும் பணமோ ஆட்களோ கிடையாது. அதனால் முதலில் ஊருக்குள் போய் விசாரிப்பார்கள். இங்கே யாருக்காவது அடிபட்டதா? எந்தப் படை, எந்த ஆண்டு இங்கே இருந்தது? இந்த வயலில் உழுது எத்தனை வருடம் ஆகிறது? மாடு மேய்கிறதா? பத்து வருடமாக டிராக்டர் ஓடிய நிலம் என்றால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஐயம் மிஞ்சும் இடத்தில் கருவியோடும் நாயோடும் போய்ச் சோதித்து வட்டத்தைச் சுருக்குவார்கள். கம்போடியாவில், பயிற்சி பெற்ற எலிகளும் இந்த வேலையில் இருக்கின்றன. மிஞ்சிய துண்டில்தான் மனிதர் மண்டியிடுவார்.

அந்த மண்டியிடுதலையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முகத்துக்கு முன்னால் கண்ணாடிக் கவசம், மார்பில் கனத்த அங்கி, ஒரு மீட்டர் அகலப் பாதை, இரண்டு பக்கமும் குறிக்கம்பு. கருவி சத்தமிட்டால் அந்த இடத்தை நேராகத் தொடக் கூடாது. பெரும்பாலான வெடிகள் மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும். சற்றுத் தள்ளி ஆரம்பித்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டே நெருங்க வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது ஆணி, தகரம், தோட்டா உறை. ஒவ்வொன்றையும் வெடி என்றே நினைத்துத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் இப்படி நாள் முழுக்க வேலை செய்தால் சில சதுர மீட்டர் முடியும். ஜெனீவாவின் அட்டவணையில் ஏறும் எண்கள் இந்தச் சதுர மீட்டர்களின் கூட்டல்.

கம்போடியாவில் மாநாடு கூடியதற்குப் பொருத்தம் இருந்தது. 1996இல் அங்கே வெடிகளால் 4,320 பேர் பாதிக்கப்பட்டார்கள், 2023இல் 32 பேர். ஆனால் அதே நாடு தன் பத்தாண்டுக் கெடுவைத் தவறவிட்டு, 2009இலும் 2019இலும் நீட்டிப்புக் கேட்டு வாங்கியது. இரண்டு முறையும் ஒப்புதல் கிடைத்தது மீளாய்வு மாநாட்டில்தான். நீட்டிப்புக் கேட்பதில் வெட்கமில்லை. எவ்வளவு மீதி, ஏன் தாமதம், எந்த ஆண்டில் எவ்வளவு முடிப்போம், பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற நாடுகள் மாதக்கணக்கில் அதை அலசிக் கேள்வி கேட்கும். மொசாம்பிக் இப்படி நீட்டிப்பு வாங்கி, 2015இல் தன் மண் சுத்தமானதாக அறிவித்தது.

ஆயத்தத்தில் இன்னொரு பகுதி, யார் அறைக்குள் உட்காருவார்கள் என்பது. 1997இல் கண்ணிவெடித் தடைக்கான சர்வதேசப் பிரசார இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, இயக்கத்தின் சார்பில் சக்கர நாற்காலியில் வந்து அதைப் பெற்றுக்கொண்டவர் துன் சன்னரெத். 1982இல் தாய்லாந்து எல்லையில் வெடியில் இரண்டு காலையும் இழந்தவர். சியெம் ரீப்பில் அவரைப் போன்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்துகொடுக்கும் வேலையில் இருந்தவர். இந்த மாதிரி ஆட்கள் வரைவு எழுதும் கட்டத்திலேயே அறைக்குள் இருந்தால், 'மறுவாழ்வு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'மாவட்ட மருத்துவமனையில் செயற்கைக்கால் கிடைக்கிறதா' என்ற கேள்வியும் ஏறும். அப்படி ஏறாத வரைவை நான் நம்பமாட்டேன்.

இத்தனை ஆயத்தமும் உலக நிலவரத்தின் முன்னால் தடுமாறியது உண்மை. சியெம் ரீப்பில் கூடுவதற்குச் சில நாள் முன்புதான் உக்ரைனுக்குக் கண்ணிவெடி தருவதாக அமெரிக்கா சொன்னது. உக்ரைன் அப்போது ஒப்பந்தத்தின் உறுப்பு நாடாக இருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, மாநாடு நடத்திய கம்போடியாவிலேயே வெடி அகற்றும் வேலை தடைப்பட்டது. அதே ஆண்டில் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் விலகுவதாக அறிவித்தன. ரஷ்யாவின் எல்லையில் வாழும் பயம் புரிகிறது. ஆனால் 2023இல் வெடிகளில் சிக்கியவர்களில் ராணுவத்தினரா பொதுமக்களா என்று தெரிந்தவர்களில் 84 சதவீதம் பேர் பொதுமக்கள். புதைத்தவர்களின் எதிரிக்கு நேர்ந்ததைவிட, பிற்பாடு அந்த வயலில் நடந்த குழந்தைகளுக்கும் விவசாயிகளுக்கும் நேர்ந்ததே அதிகம். விலகியது தவறு என்றே சொல்வேன்.

இதில் தமிழர்களுக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, கிடங்கில் இருந்ததை 2021இல் அழித்து முடித்தது. முகமாலை போன்ற இடங்களில், போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் கவசம் மாட்டிக்கொண்டு மிதிவெடி எடுக்கிறார்கள். உறுப்பு நாடுகள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் அறிக்கை தர வேண்டும், அது பொதுவெளியில் கிடைக்கும். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் எழுதும் பத்திரிகை நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: மாநாடு கூடும்வரை காத்திருக்காதீர்கள். அந்த அறிக்கையை எடுத்து, எந்த ஊரில் எத்தனை சதுர மீட்டர் மீதி என்று இப்போதே கேளுங்கள். இலங்கையின் கெடு 2028 ஜூன் 1.