தேயிலைப் பெட்டிக்குப் போன காடு

மண் சரிவாலோ கலவரத்தாலோ லயத்தையும் மரக்கறித் துண்டையும் விட்டு வந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது, நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மலையிலிருந்து லொறி லொறியாக மரம் போகிறதே, அது யாருடைய மரம்?" விடை காணச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய காணிகளாகக் கொண்டது. கண்டிக் கிராமத்தவர் சேனை செய்த மலைகள் கோப்பித் துரைமாருக்கு விலையாயின. காடு வெட்டும் வேலை கொந்தரப்பில் நடந்தது. சரிவிலுள்ள மரங்களைக் கீழிருந்து மேலாகப் பாதி வெட்டி வைத்து, உச்சி மரத்தை முழுதாகச் சாய்ப்பார்கள். அது விழும் வேகத்தில் மற்றவையும் சரியும். பிறகு தீ வைப்பார்கள். நல்ல மரமும் சாம்பலாயிற்று. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்பது 1873இல்தான் தடுக்கப்பட்டது.

கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. அதற்கு இரு வகையில் மரம் தேவை. ஸ்டோரில் கொழுந்தை வாட்டவும் தூளை உலர்த்தவும் விறகு வேண்டும். தூளை அனுப்பப் பெட்டி வேண்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்தன. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்துத் தடைப்பட, காலிக்கருகே ஜின்தோட்டையில் அரசு ஆலை அமைத்தது. பின்னர் ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்துக்காக 1972 முதல் சிங்கராஜக் காட்டில் இயந்திரங்கள் மரம் தறித்தன. மக்கள் எதிர்த்தனர், 1977இல் தறிப்பு நின்றது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. இன்று தூள் பெரும்பாலும் கடதாசிப் பைகளில் போகிறது.

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது தடை செய்யப்பட்டது. அதன்பின் மரக்காலைகள் நட்டு வளர்த்த மரங்களையே பெரிதும் நம்பின. தோட்டங்களின் சவுக்கும் டர்பன்டைனும் இவ்வாறு விலை பெற்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 முதல் அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பிராந்தியக் கம்பனிகள் நடத்துகின்றன. கம்பனி குத்தகைக்காரர், நிலம் அரசுடையது. ஆகவே தோட்ட மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. அனுமதி வேண்டும், வெட்டிய இடத்தில் மறுநடுகையும் வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மரத்தை வெட்டிய அன்றே வேர் சாவதில்லை. சில வருடங்களில் அது உக்கும். மண்ணைப் பிடித்திருந்த கை அப்போதுதான் விடும். லொறியை எல்லாரும் மறந்திருக்கும் வேளையில், ஒரு மழைக்கு மலை இறங்கும். மண் சரிவுக்குக் காரணங்கள் பல. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையைப் புதைத்த சரிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல மாட்டோம். ஆயினும் லயத்துக்கு மேலுள்ள சரிவில் மரம் வெட்டும்போது, கீழே குடியிருப்பவர்கள் கேட்காமலிருக்கக் கூடாது.

ஆகவே வாள் சத்தம் கேட்டதும் நான்கு பேராகச் சென்று கேளுங்கள்: அனுமதிப் பத்திரம் எங்கே? எத்தனை மரத்துக்கு? எப்போது மறுபடி நடுவீர்கள்? சரிவு பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்ததா? பதிலைத் திகதியுடன் எழுதி வையுங்கள். மரத்தின் விலை மரக்காலைக்குத் தெரியும். மலை இறங்கினால் என்ன விலை என்பது, அனைத்தையும் விட்டு வந்த உங்களுக்குத்தான் தெரியும்.