மின்சாரத்திற்கும் முறை உண்டு

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியை நம்பி வாழும் உழவர்க்கு ஓர் உண்மையைப் புதிதாகக் கூற வேண்டுவதில்லை. வாய்க்காலில் வரும் நீர் ஒன்றே. ஆயினும் அது வரும் காலத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது. பிசான நடவின்போது ஒரு நாள் தண்ணீருக்குள்ள மதிப்பு, கதிர் முற்றி வயலை உலரவிடும்போது இல்லை. எல்லோரும் ஒரே வேளையில் மடையைத் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்துபோகும். இதனை அறிந்தே நம் முன்னோர் தண்ணீருக்கு முறை வைத்தனர்.

மின்சாரத்தின் நிலையும் இதுவே. நண்பகலில் கிடைக்கும் ஒரு யூனிட்டும் இரவு ஏழு மணிக்குக் கிடைக்கும் ஒரு யூனிட்டும் மீட்டரில் ஒன்றாகவே காட்டும். அவற்றை உற்பத்தி செய்ய ஆகும் செலவோ ஒன்றன்று. இந்த வேறுபாட்டை விலையிலும் காட்டுவதே ‘நேரத்திற்கேற்ற கட்டணம்’ எனப்படும் ஏற்பாடாகும். அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் இப்பொழுதே விளங்கிக்கொள்ளுதல் நலம்.

பிற இடங்களில் விற்பனையாளர் பலர்

பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டு முதல் எல்லா வீட்டினரும் தாம் விரும்பும் கம்பெனியிடம் மின்சாரம் வாங்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2002-இல் இவ்வுரிமை வந்தது. அங்குள்ள குடும்பத்தினர் பல கம்பெனிகளின் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்து மாறிக்கொள்கின்றனர். நம் நாட்டிலும் மும்பையின் ஒரு பகுதியில் இத்தகைய நிலை உண்டு. 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னர், அங்கே ஒரு கம்பெனியின் கம்பி வழியாகவே மற்றொரு கம்பெனியின் மின்சாரத்தை வாங்கும் வசதி ஏற்பட்டது.

இதனால் எல்லோருக்கும் எப்பொழுதும் ஆதாயம் என்று எண்ணுதல் தவறு. மும்பையில் மாறியவர்கள் மின்சாரத்தின் விலையோடு, கம்பியின் சொந்தக்காரருக்கு வழிக்கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. யூனிட் விலையை மட்டும் பார்த்தவர் பாதிக் கணக்கையே பார்த்தவராவார். பிரிட்டனில் 2021-இல் எரிவாயு விலை ஏறியபோது இருபதுக்கும் மேற்பட்ட விற்பனைக் கம்பெனிகள் முறிந்தன. மலிவாகத் தருவதாகச் சொன்னவர் நிலைத்து நிற்பாரா என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டிய கேள்வியே என்பதை அது காட்டியது.

நம் நாட்டு ஏற்பாடு வேறு. 1957 ஜூலை 1-ஆம் நாள் தோன்றிய மாநில மின்சார வாரியம் 2010-இல் மாற்றியமைக்கப்பட்டது. 2024-இல் விநியோகப் பணி தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திற்கு வந்தது. அம்பாசமுத்திரத்து வீட்டுக்கும் பாளையங்கோட்டை வீட்டுக்கும் மின்சாரம் விற்பது அந்த ஒரு நிறுவனமே. ஆகவே, ‘யாரிடம் வாங்குவது?’ என்னும் கேள்வி நம்மிடையே எழுவதில்லை. ‘எவ்வளவு வாங்குவது? எந்த வேளையில் வாங்குவது?’ என்பனவே நம் கேள்விகள்.

வேளைக்கு வேளை மதிப்பு மாறுவது ஏன்?

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பாபநாசம் மின் நிலையம் 1944 முதல் ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு இயங்கி வருகிறது. இன்று அதன் திறன் 32 மெகாவாட். அங்கே இயந்திரத்தைச் சுழற்றிய நீரே கீழே இறங்கிக் கன்னடியன் முதலிய அணைக்கட்டுகளின் வழியே வயலுக்குப் பாய்கிறது. எனவே பாசனத்திற்கு நீர் திறக்கும் அளவே மின்சாரத்திற்கும் எல்லையாகிறது.

கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டும் இரவு பகலென்று பாராமல் ஒரே சீராக ஓடுவதற்கென அமைந்தவை. வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வலுவாகச் சுழலும், பின்னர் தளரும். சூரிய மின்சாரமோ நண்பகலில் பொங்கி வழியும். மாலை ஆறரை மணிக்கு மறைந்துவிடும்.

அவ்வேளையில்தான் வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் இயங்கத் தொடங்குகின்றன. கடைத்தெரு ஒளிபெறுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது. அந்தச் சில மணி நேரத்திற்காக அதிக விலை கொடுத்து வெளியிலிருந்து மின்சாரம் வாங்க நேரிடுகிறது. கூடுதல் நிலையங்களையும் கம்பிகளையும் டிரான்ஸ்பார்மர்களையும் ஆயத்தமாக வைத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. அச்செலவு முடிவில் எல்லோருடைய கட்டணத்திலும் வந்து சேர்கிறது.

சட்டம் கூறுவது என்ன?

பெரிய தொழிற்சாலைகளுக்கு இம்முறை புதிதன்று. 2022-ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி, உயர் அழுத்த மின்சாரம் பெறும் ஆலைகள் காலை, மாலை உச்ச நேரங்களில் 25 சதவிகிதம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவிகிதம் தள்ளுபடி உண்டு.

மத்திய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், வேளாண்மை நீங்கலான மற்றவர்க்கு 2025 ஏப்ரல் 1 முதலும் நேரத்திற்கேற்ற கட்டணம் வர வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. சூரிய ஒளி நேரமான எட்டு மணி நேரத்திற்கு விலை சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவிகிதம் தாழ்ந்திருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடு போன்றவற்றிற்குக் குறைந்தது 10 சதவிகிதமும், வணிகத்திற்கும் தொழிலுக்கும் குறைந்தது 20 சதவிகிதமும் கூடுதலாகலாம். நேரத்தைக் குறித்துக் காட்டும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின்னரே இது நடைமுறைக்கு வரும். எந்த மணி முதல் எந்த மணி வரை என்பதை வரையறுப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பாகும்.

இரு வீடுகளின் கணக்கு

இம்முறையால் யாருக்கு ஆதாயம்? கணக்கிட்டுப் பார்ப்போம். எளிமைக்காகச் சாதாரண விலை யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது சூரிய நேர விலை 4 ரூபாய். உச்ச நேர விலை 5 ரூபாய் 50 காசு. இலவச யூனிட்டுகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் வீட்டில் பகலில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் 200 யூனிட் செலவிடுகிறார்கள்: சூரிய நேரத்தில் 60, உச்ச நேரத்தில் 60, மற்ற நேரத்தில் 80. பழைய முறையில் 1,000 ரூபாய். புதிய முறையில் 970 ரூபாய். தண்ணீர் மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை மாலையிலிருந்து பகலுக்கு மாற்றி 20 யூனிட்டை நகர்த்தினால் 940 ரூபாயாகும்.

இரண்டாம் வீட்டார் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வயல் வேலைக்குச் சென்று, பொழுது சாய்ந்தபின் திரும்புவோர். அவர்கள் செலவு 100 யூனிட்டே: சூரிய நேரத்தில் 10, உச்ச நேரத்தில் 60, மற்ற நேரத்தில் 30. பழைய முறையில் 500 ரூபாய். புதிய முறையில் 520 ரூபாய். அவர்கள் வீணாக்கியது யாதொன்றுமில்லை. பிள்ளைகள் படிக்கும் விளக்கையும் உறங்கும் நேரத்து விசிறியையும் நண்பகலுக்கு மாற்ற இயலாது.

ஆகவே நேரத்திற்கேற்ற கட்டணம் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. நேரத்தை மாற்ற இயன்றவர்க்கு அது தள்ளுபடி. இயலாதவர்க்கு அது சுமை. முறைத் தண்ணீரில் கடைமடைக்காரரின் பங்கை ஊர் காப்பது போல, சிறு நுகர்வோரின் பங்கைக் கட்டண ஏற்பாடு காக்க வேண்டும். இதனை எடுத்துரைக்கும் வாய்ப்பும் நமக்கு உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டணத்தை நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபனைகளையும் ஆணையம் கேட்டாக வேண்டும். கிராம சபையில் இத்தகைய வீடுகளின் கணக்கை எடுத்து எழுதியனுப்பும் பஞ்சாயத்து, வெறும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றும் பஞ்சாயத்தைவிட மிகுந்த பயன் விளைவிக்கும்.

அடுக்குக் கட்டணத்தை மறத்தலாகாது

நேரத்தைப் பற்றிப் பேசும்போது அளவை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு அடுக்குக் கட்டணம் நெடுநாளாக நடந்து வருகிறது. 2022 செப்டம்பர் 10-இல் வந்த விலைப்படி, இரு மாதத்தில் 500 யூனிட் செலவிட்டவர், முதல் 100 யூனிட் இலவசம் போக, 1,725 ரூபாய் செலுத்தினார். 501 யூனிட் செலவிட்டவரோ 1,958 ரூபாய் செலுத்தினார். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐக் கடந்ததும் கீழ் அடுக்கின் சலுகை விலையும் நீங்கிவிடுவதே இதற்குக் காரணம். விலைகள் பின்னர் மாறியுள்ளன. ஆகவே அவ்வப்போதுள்ள விலைப்பட்டியலைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

எல்லையருகே நிற்கும் வீட்டார் ஐம்பதாம் நாளில் மீட்டரைப் பார்த்துக்கொள்வது நன்று. 75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 45 யூனிட் ஆகும். 30 வாட் புதுவகை விசிறிக்கு 18 யூனிட் போதும். மாற்ற இயலாத நேரத்துச் செலவைக் குறைக்க இதுவே வழி.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பஞ்சாயத்தின் மின்செலவில் பெரும்பகுதி குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகிறது. மோட்டாரின் நேரத்தை மாற்றலாம். தெருவிளக்கின் நேரத்தை மாற்ற இயலாது. எனவே இரண்டிற்கும் வழி வேறு.

5 குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 4 யூனிட்டுக்கு மேல் செலவாகும். மேல்நிலைத் தொட்டியை மாலையில் நிரப்புவதை விட்டு நண்பகலில் நிரப்பி வைத்தால், மாலையில் ஊருக்குக் கம்பியும் மிஞ்சும், குழாயில் தண்ணீரும் மிஞ்சும். தொட்டி ஒரு நாள் தேவைக்குப் போதாத சிறு தொட்டியாயின், தொட்டியைப் பெரிதாக்குவதே மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்கு ஒப்பாகும்.

தெருவிளக்கில் வாட்டைக் குறைக்க வேண்டும். நூறு 40 வாட் குழல் விளக்குகள் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரவொன்றுக்கு 48 யூனிட். 20 வாட் எல்.இ.டி. விளக்காயின் 24 யூனிட். மாதத்தில் 720 யூனிட் மிச்சமாகும்.

உழவர் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பம்புசெட்டு மின்சாரம் 1990 முதல் எல்லா உழவர்க்கும் இலவசமாயிற்று. மத்திய விதியும் வேளாண்மைக்கு விலக்கு அளித்துள்ளது. ஆயினும் நேரத்தின் மதிப்பு அவர்களுக்கும் உண்டு. மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானே இயங்கும் ஸ்டார்ட்டர்களால் எல்லா மோட்டார்களும் ஒருசேர ஓடத் தொடங்கினால், டிரான்ஸ்பார்மர் சுமை தாங்காது, அழுத்தம் தாழும், கடைசிக் கம்பத்து மோட்டாரின் காயில் கருகும். அங்கே கடைமடையும் அவரே, நஷ்டப்படுபவரும் அவரே. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த உழவர்கள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நாளை நம் ஊருக்குப் புதுக் கட்டணமோ, புது விற்பனையாளரோ வரக்கூடும். அன்று ஐந்து கேள்விகளை நாம் கேட்போமாக. யூனிட் விலையோடு நிலைக் கட்டணமும் வழிக்கட்டணமும் எவ்வளவு? உச்ச நேரம் எந்த மணி முதல் எந்த மணி வரை? நம் செலவில் எத்தனை யூனிட்டை உண்மையாகவே நகர்த்த இயலும்? இப்பொழுதுள்ள இலவசமும் சலுகையும் தொடருமா? நகர்த்த இயலாதவர்க்கு என்ன பாதுகாப்பு?

இவற்றிற்கு விடை காண மீட்டரைப் பார்க்கத் தெரிந்தால் போதும். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்து, குடிநீர் மோட்டார் ஓடிய நேரத்தையும் மீட்டரின் அளவையும் நாள்தோறும் குறித்து வருவோம். இரண்டு மாதக் குறிப்பு கையிலிருக்குமாயின், எந்த ஏற்பாடு ஊருக்கு நன்மை, எது சுமை என்பதை நாமே கண்டுகொள்ளலாம். மடையை எப்பொழுது திறக்க வேண்டுமென்று அறிந்த ஊருக்கு, சுவிட்சை எப்பொழுது போட வேண்டுமென்று அறிவது கடினமன்று.