கொதிக்க வைத்தல் மட்டும் போதாது: உணவைப் புட்டியில் அடைத்துச் சேமிப்போர் அறிய வேண்டியவை

நோயுற்றவரைப் பேணும் இல்லத்தில் நாள்தோறும் வேளைக்கு வேளை புதிதாகச் சமைத்தல் எளிதன்று. கோழிச் சாறு, ஆட்டுக்கால் சூப், வேகவைத்த காய்கறி ஆகியவற்றை ஒருமுறை மிகுதியாகச் சமைத்து, சூடாகவே கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, இறுக மூடிப் பல நாள் வைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பலருக்கு எழுவது இயல்பே. அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் வாழும் நம் உறவினர் சிலர் இதற்கெனவே ‘பிரஷர் கேனர்’ என்னும் கலனைப் பயன்படுத்துகின்றனர். முறையறிந்து செய்தால் இது பயனுள்ள வழி. முறை தவறினால் உயிருக்கே இடராகும்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள லங்காஸ்டர் நகரில், ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தோர் தத்தம் இல்லத்தில் சமைத்துக் கொணர்ந்த உணவைப் பகிர்ந்துண்டனர். உண்ட 77 பேரில் 29 பேர் ‘பொட்டுலிசம்’ என்னும் நச்சுநோய்க்கு ஆளாயினர். 11 பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, ஒருவர் இறந்தார். வீட்டில் புட்டியில் அடைத்துச் சேமித்த உருளைக்கிழங்கைக் கொண்டு செய்த சாலடே காரணம் என்பது விசாரணையில் புலனாயிற்று. அப்புட்டிகள் பிரஷர் கேனரில் வைக்கப்படாமல், கொதிநீரில் மட்டுமே சூடாக்கப்பட்டிருந்தன.

நச்சு உருவாகும் விதம்

இந்நோய்க்குக் காரணம் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்னும் பாக்டீரியா. இதன் ‘ஸ்போர்’ எனப்படும் கடின உறை கொண்ட வித்துகள் மண்ணில் பரவலாக உள்ளன. காய்கறி, கிழங்கு ஆகியவற்றோடு அவை சமையலறைக்கு வந்துசேர்கின்றன. நீர் கொதிக்கும் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பாக்டீரியா மடியும். வித்துகளோ மணிக்கணக்கில் கொதித்தாலும் பிழைத்திருக்கக் கூடும். காற்றுப் புகாத புட்டியில், புளிப்புக் குறைந்த ஈர உணவில், அறை வெப்பத்தில் அவை மீண்டும் முளைத்து நச்சைச் சுரக்கின்றன. காற்றை நீக்கி இறுக மூடுவதே அவற்றுக்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருகிறது.

உணவின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேற்பட்டால், அது புளிப்புக் குறைந்த உணவாகும். இறைச்சி, மீன், பயறு, கிழங்கு, கேரட், பீன்ஸ், காளான் ஆகியவை இவ்வகையின. இவற்றின் வித்துகளை அழிக்க 116 முதல் 121 பாகை வரையிலான வெப்பம் தேவை. நீராவியை அழுத்தத்தில் அடைத்தாலன்றி அவ்வெப்பம் கிட்டாது. அதற்காகவே பிரஷர் கேனர் அமைந்தது.

பிரஷர் கேனரைக் கையாளும் முறை

• ஆய்ந்து உறுதிசெய்யப்பட்ட குறிப்பையே பின்பற்றுக. காட்டாக, உருளைக்கிழங்குத் துண்டுகள் நிறைந்த அரை லிட்டர் அளவுப் புட்டிக்கு 10 பவுண்ட் எடைக்கட்டியுடன் 35 நிமிடம் தேவை. எலும்பில்லாக் கோழித் துண்டுகளுக்கு 75 நிமிடம் தேவை.

• மூடியைப் பூட்டியபின், எடைக்கட்டியை வைக்குமுன் 10 நிமிடம் நீராவியை வெளியேற விடுக. உள்ளே காற்று தங்கினால், அழுத்தம் சரியாக இருந்தும் வெப்பம் குறையும்.

• உரிய அழுத்தம் எட்டிய பின்னரே நேரத்தைக் கணக்கிடுக. இடையில் அழுத்தம் குறைந்தால், மீண்டும் உயர்த்தி, முதல் நிமிடத்திலிருந்து எண்ணுக.

• அடுப்பை அணைத்தபின் கலன் தானே ஆறட்டும். நீரூற்றிக் குளிர்வித்தல் கூடாது. அந்த ஆறும் நேரமும் பதப்படுத்தலின் ஒரு பகுதியே.

• உயரமான ஊர்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் 10 பவுண்டுக்கு மாற்றாக 15 பவுண்ட் எடைக்கட்டி வேண்டும்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கர் போதாதா?

குக்கரினுள்ளும் வெப்பம் 100 பாகையைத் தாண்டும் என்பது உண்மை. எனினும் அது சிறியது. விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடும். கேனருக்கென வகுத்த நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது. விசில்களை எண்ணி வெப்பத்தை அளக்கவும் இயலாது. சமைப்பதற்குக் குக்கர் சிறந்தது. மூடிய புட்டியைப் பல மாதம் அறையில் வைப்பதற்கு அது ஏற்றதன்று. தானே இயங்கும் மின் குக்கருக்கும் இது பொருந்தும்.

கஞ்சி, கூழ், பால் சேர்த்த உணவு ஆகியவற்றைக் கேனரிலும் அடைத்தல் ஆகாது. கெட்டியான உணவின் நடுப்பகுதிக்கு வெப்பம் சரிவரச் சென்றடைவதில்லை. குழாய்வழி ஊட்டுவதற்கென அரைத்த உணவை அவ்வப்போது தயாரித்து, உணவியல் வல்லுநர் கூறிய கால அளவுக்குள் பயன்படுத்துக.

எளிய மாற்று வழிகள்

கேனர் இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. சமைத்த உணவைச் சிறு பாத்திரங்களில் பிரித்து, விரைவில் ஆறவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் உண்ணலாம். மேலும் பல நாள் வேண்டுமாயின் உறைநிலையில் வைக்கலாம். வற்றல், வடகம் ஆகியவற்றை ஈரமின்மையும், எலுமிச்சை ஊறுகாயைப் புளிப்பும் உப்பும் காக்கின்றன. ஆனால் புளிப்புச் சேர்க்காமல் எண்ணெயில் ஊறவிட்ட பச்சைப் பூண்டை அறை வெப்பத்தில் வைத்தல் கூடாது. எண்ணெய் காற்றைத் தடுத்து, வித்துகள் முளைக்க வழிசெய்யும்.

ஐயம் எழுந்தால்

மூடி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ, அவ்வுணவைச் சுவைத்துப் பாராமல் அகற்றுக. இந்நச்சுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஆகவே நன்றாகத் தோன்றும் உணவும் நச்சுடையதாக இருக்கலாம். முறைப்படி வீட்டில் அடைத்த புளிப்புக் குறைந்த உணவையும், உண்ணுமுன் 10 நிமிடம் கொதிக்க வைத்தல் நன்று. வித்து மடியாவிடினும், நச்சு அவ்வெப்பத்தில் அழியும்.

அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தோன்றும். சிலருக்குப் பல நாள் கழித்தும் தோன்றலாம். இமை தொங்குதல், பார்வை இரட்டையாதல், நா வறட்சி, பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை ஆகியவை முதலில் வரும். பின்னர்த் தளர்ச்சி கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பரவி மூச்சுத் தசைகளையும் தாக்கும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. நினைவும் தெளிவாகவே இருக்கும். பக்கவாதம் என்று தவறாகக் கருதப்படவும் கூடும்.

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டில் காத்திராமல், 108 ஊர்தியை அழைத்து அவசரப் பிரிவுக்கு வருக. எதிர்நச்சு மருந்து, நரம்புகளில் ஏற்கெனவே பற்றிய நச்சை நீக்காது. மேலும் பரவுவதைத் தடுக்கும். ஆதலால் அதை எவ்வளவு விரைவாகச் செலுத்துகிறோமோ அவ்வளவு நன்மை. அண்மையில் உண்டவற்றை மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுக. எஞ்சிய உணவு இருப்பின், அதை மூடிய பாத்திரத்தில் உடன் கொணர்க. அதே உணவை உண்ட ஏனையோருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.