நச்சு நிலத்தை மீட்கும் பசுமை

நகரங்கள் விரிவடையும்போது பழைய தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன, அல்லது நகர எல்லைக்கு அப்பால் பெயர்ந்து செல்கின்றன. இயந்திரங்கள் விற்கப்படுகின்றன, கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. ஆனால் பல்லாண்டுகளாகத் தரையில் கசிந்த எண்ணெயும் தாரும் உலோக உப்புகளும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. மழைநீர் அவற்றை நிலத்தடி நீருக்குக் கொண்டு செல்கிறது. காற்று அவற்றைத் தூசியாக அண்டை வீடுகளில் சேர்க்கிறது. இடநெருக்கடி மிகுந்த நகரில் இத்தகைய நிலம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடப்பதில்லை. குடியிருப்போ, கடைவீதியோ, சிறுவர் விளையாட்டுத் திடலோ அதன்மேல் எழுந்துவிடுகிறது.

கெட்ட மண்ணைத் தோண்டியெடுத்து வேறிடத்தில் புதைப்பது வழக்கமான தீர்வு. இதற்குச் செலவு மிகுதி. மாசும் அழியாமல் இடம் மட்டுமே மாறுகிறது. இதற்கு மாற்றாக, நுண்ணுயிரிகளையும் செடிகளையும் கொண்டு மண்ணை இருந்த இடத்திலேயே திருத்தி, அந்நிலத்தைப் பூங்காவாக்கும் முறை கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்துள்ளது. அதன் ஆற்றலையும் எல்லையையும் அறிந்துகொள்ள, அமெரிக்காவின் சியாட்டில் நகர அனுபவம் பெரிதும் உதவும்.

சியாட்டில் கண்ட வழி

சியாட்டில் நகரின் யூனியன் ஏரிக்கரையில், 1906 முதல் 1956 வரை ஒரு வாயு உற்பத்தி நிலையம் இயங்கியது. முதலில் நிலக்கரியிலிருந்தும் பின்னர் எண்ணெயிலிருந்தும் எரிவாயு தயாரிக்கப்பட்டது. குழாய்வழி இயற்கை வாயு வந்ததும் நிலையம் மூடப்பட்டது. தாரும் எண்ணெயும் ஊறிய ஏறத்தாழ 20 ஏக்கர் நிலம் எஞ்சியது.

பூங்கா அமைப்பதற்காக நகராட்சி இந்நிலத்தை வாங்கியது. கோபுரங்கள் அகற்றப்படும், மண் முழுவதும் மாற்றப்படும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பாக இருந்தது. நிலவடிவமைப்பாளர் ரிச்சர்டு ஹாக் வேறு வழியை முன்வைத்தார். பழைய கோபுரங்கள் நினைவுச் சின்னங்களாக நிலைநிறுத்தப்பட்டன. இடிபாடுகள் ஒரு குன்றாகக் குவிக்கப்பட்டு, நல்ல மண்ணால் மூடப்பட்டன. எஞ்சிய நிலம் உழப்பட்டு, கழிவுநீர்க் கசடும் மரத்தூளும் மண்ணோடு கலக்கப்பட்டன. பிறகு புல் வளர்க்கப்பட்டது. 1975-இல் பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

மண்ணுக்குள் நிகழ்வது

இம்முறையின் அடிப்படை எளியது. எண்ணெய், தார் ஆகியவற்றில் உள்ளவை பெரும்பாலும் கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்கள். இவற்றை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இயல்பாகவே மண்ணில் வாழ்கின்றன. ஆயினும் எண்ணெய் ஊறிய மண்ணில் கரிமம் மிகுந்தும், நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைந்தும் காணப்படும்; காற்றும் உட்புகாது. கசடு ஊட்டத்தை அளிக்கிறது. உழுதல் காற்றை அளிக்கிறது. அதன்பின் நுண்ணுயிரிகள் பெருகி எண்ணெயைச் சிதைக்கின்றன. கரிவளியும் நீரும் இறுதி விளைவுகள்.

செடிகளும் துணைபுரிகின்றன. வேர்களிலிருந்து கசியும் சர்க்கரைப் பொருள்களும் அமிலங்களும் நுண்ணுயிரிகளை வளர்க்கின்றன. எனவே வேரைச் சூழ்ந்த மண்ணில் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை மிகுதியாக இருக்கும். வேர்கள் மண்ணைத் தளர்த்திக் காற்றுக்கு வழி செய்கின்றன. இலைப்பரப்பு தூசியையும் மண்ணரிப்பையும் தடுக்கிறது.

1984 தந்த பாடம்

பூங்கா திறந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் மண் மீண்டும் ஆராயப்பட்டது. புற்றுநோய் விளைவிக்கக்கூடிய கனமான ஹைட்ரோகார்பன்கள் அதில் இருப்பது தெரியவந்தது. 1984-இல் பூங்கா தற்காலிகமாக மூடப்பட்டது. புதிய மண் பரப்பியபின் திறக்கப்பட்டது. பின்னர் நிலத்தடி நீரிலிருந்து பென்சீனை அகற்ற, அதனுள் காற்றைச் செலுத்தும் முறை கையாளப்பட்டது.

ஹாக் கையாண்ட முறை பொய்த்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இலேசான எண்ணெய்களை நுண்ணுயிரிகள் விரைவில் சிதைக்கின்றன. பல வளையங்கள் கொண்ட கனமான பொருள்களைச் சிதைக்க நெடுங்காலம் தேவைப்படுகிறது. ஏர் எட்டாத ஆழத்தில் கட்டியாகக் கிடக்கும் தாரை அவை அணுகவே முடிவதில்லை. மேலே புல் செழித்திருப்பது கீழே மண் தூய்மையடைந்ததற்குச் சான்றாகாது. இதனைச் சோதனைச்சாலை மட்டுமே கூற இயலும்.

உலோகங்களின் நிலை வேறு

காரீயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம் முதலியவை தனிமங்கள்; எந்த நுண்ணுயிரியாலும் அவற்றைச் சிதைக்க இயலாது. இங்கு மூன்று வழிகளே உள்ளன.

முதலாவது, தீங்கு குறைந்த வடிவத்திற்கு மாற்றுதல். நீரில் எளிதில் கரைந்து பரவும் ஆறு இணைதிறக் குரோமியத்தைச் சில பாக்டீரியாக்கள் எளிதில் கரையாத மூவிணைதிற வடிவமாக மாற்றுகின்றன.

இரண்டாவது, செடியின் வழியே வெளியே எடுத்தல். இந்தியாவிலும் வளரும் டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி, மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலைகளில் பெருமளவில் சேர்ப்பது 2001-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவ்விலைகளே நச்சுக் கழிவாகின்றன. அவற்றை அறுத்துப் பாதுகாப்பாக அகற்றாவிடில், உதிரும் இலைகளோடு ஆர்செனிக் மீண்டும் மண்ணையே அடையும். பல ஆண்டுகள் தொடர்ந்து அறுவடை செய்வதும் தேவை.

மூன்றாவது, உலோகத்தை இருந்த இடத்திலேயே நிலைநிறுத்துதல். வெட்டிவேர் இதற்கு ஏற்ற புல். அது ஆழமாக வேரூன்றி மண்ணைப் பிணைக்கிறது. உறிஞ்சும் உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது. எனினும் உலோகம் அங்கேயே இருப்பதால், அந்நிலத்தில் கீரை, காய்கறி பயிரிடுவதும் கால்நடை மேய்ப்பதும் தடுக்கப்பட வேண்டும்.

நம் நகரங்களுக்கு உரியவை

இப்பிரச்சினை இந்தியாவுக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்கத்தா, பம்பாய் நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்தன. பின்னர் தோல் பதனிடுதல், உலோக முலாம் பூசுதல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆகிய தொழில்களின் கழிவுகள் சேர்ந்தன. தீர்வு காணும் அறிவும் இங்கு உண்டு. தில்லியிலுள்ள டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ என்னும் பாக்டீரியாக் கலவை எண்ணெய்க் கசடைச் சிதைக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது. மாசுற்ற நிலங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படைகளுள் ஒன்று.

இம்முறையை மேற்கொள்ளும் உள்ளாட்சி அமைப்புகள் சில படிகளைத் தவறாது பின்பற்றுதல் நலம். நிலத்தில் முன்பு நடந்த தொழில் யாதெனப் பழைய ஆவணங்களிலிருந்து அறிய வேண்டும். மேல்மண்ணை மட்டுமன்றி ஆழ்மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க வேண்டும். சிதையக்கூடிய மாசு எது, சிதையாத உலோகம் எது என வகைப்படுத்திய பின்னரே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் சிறு பாத்தியில் பரிசோதித்து, விளைவு கண்டபின் பரப்பை விரிவாக்க வேண்டும். ஆழத்தில் மாசு செறிந்த பகுதியைத் தோண்டி அகற்றுவது தவிர்க்க முடியாததாயின், அதற்குத் தயங்கலாகாது.

அனைத்திலும் முக்கியமானது தொடர் கண்காணிப்பு. பூங்கா அமைக்கும் செலவு சில ஆண்டுகளில் முடிந்துவிடும். மண்ணையும் நீரையும் சோதிக்கும் செலவு பல பத்தாண்டுகளுக்கு நீளும். திட்ட மதிப்பீட்டிலேயே அதற்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும். சியாட்டிலில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்த சோதனையே அங்கு விளையாடிய குழந்தைகளுக்குக் காப்பாக அமைந்தது. நம் நகரங்களில் பூங்காவாக மாறும் ஒவ்வொரு பழைய ஆலை நிலத்திற்கும் அத்தகைய காப்பு உறுதி செய்யப்பட வேண்டும்.