கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து

மஸ்கட்டில் ஓர் அலுவலகம். அதிகாரியின் மேசைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் வருகிறது. கொடுத்தது சங்கரன்கோவில் நகராட்சி. கீழே பதிவாளரின் கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. அந்த ஓமன் அதிகாரிக்குச் சங்கரன்கோவில் எந்தத் திசை என்றே தெரியாது. பதிவாளரின் கையெழுத்தை அவர் அதற்குமுன் பார்த்ததும் இல்லை. ஆனாலும் தாளைத் திருப்பிப் பார்க்கிறார், ஏற்றுக்கொள்கிறார். எப்படி?

பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சதுரம்தான் காரணம். அதன் பெயர் அப்போஸ்டில். பிரெஞ்சு மொழியில் ஓரக்குறிப்பு என்று பொருள்; நாம் ‘ஓரச்சான்று’ எனலாம்.

அது வேலை செய்யும் விதம் நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூரில் ஒரு வரன் வந்தால் என்ன செய்கிறோம்? “அங்கே நமக்குத் தெரிஞ்ச ஆள் யார் இருக்கா?” என்று தேடுகிறோம். அவருக்குத் தெரிந்தவர், அந்தத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போய், கடைசியில் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தொடுகிறோம். சான்றிதழும் இப்படித்தான் பயணம் போகிறது. நகராட்சிப் பதிவாளரின் கையெழுத்துக்கு மாநில அரசு நியமித்த அதிகாரி சான்றொப்பம் இடுகிறார். அந்த அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து வெளியுறவு அமைச்சகத்திடம் இருக்கிறது. அமைச்சகம் ஒப்பிட்டுப் பார்த்து ஓரச்சான்றை ஒட்டுகிறது. ஒரு காலத்தில் இதற்காக டெல்லிக்கே தாள் போகவேண்டியிருந்தது. இப்போது சென்னைக் கிளையிலேயே முடிகிறது. அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய். வாங்கிக் கொடுக்கும் முகமையின் கட்டணம் தனி.

அந்தச் சதுரத்தை உற்றுப் பாருங்கள். சர்வதேச மாதிரிப்படி பக்கத்துக்கு 9 செ.மீ.; உள்ளங்கை அளவு. அதற்குள் எண்ணிட்ட பத்து வரிகள். எந்த நாடு, ஒப்பமிட்டவர் யார், என்ன பதவியில் ஒப்பமிட்டார், யாருடைய முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில், சான்றளித்தது யார், என்ன எண், பிறகு முத்திரை, கையொப்பம். எந்த நாட்டு ஓரச்சான்றிலும் இதே பத்து, இதே வரிசை. மொழி புரியாவிட்டாலும் நான்காவது வரி முத்திரையைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

இனிதான் பெரிய வியப்பு. குழந்தை அந்தத் தேதியில்தான் பிறந்தது என்று ஓரச்சான்று எங்குமே சொல்வதில்லை! ‘இந்தக் கையெழுத்து உண்மை, போட்டவருக்கு அந்தப் பதவி உண்டு, முத்திரை அசல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வதுதான் அதன் பலம். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவருக்கு மட்டுமே பொறுப்பு ஏற்பதால் சங்கிலி அறுவதில்லை.

இந்த ஏற்பாடு பிறந்தது 1961 அக்டோபர் 5 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தத்தில். இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று 120 நாடுகளுக்கு மேல் இதில் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். 120 நாடுகளில் ஒவ்வொன்றும் மற்ற 119 நாடுகளின் தாள்களையும் தன் தூதரகம் வழியே தனித்தனியாகச் சரிபார்த்தால் 14,280 வழிகள் வேண்டும். ஓரச்சான்று வந்ததும், ஒரு நாடு ஒருமுறை ஒட்டினால் போதும். பெரும்பாலான உறுப்பு நாடுகளுக்குத் தூதரகப் படியேற வேண்டாம். ஓமனில் இது 2012-இல் நடைமுறைக்கு வந்தது, சவூதி அரேபியாவில் 2022-இல். குவைத், கத்தார் போன்ற சேராத நாடுகளுக்கு, அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் தேவை.

சதுரத்தையே யாராவது போலியாக அச்சடித்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஓரச்சான்று தரும் ஒவ்வொரு அலுவலகமும் எண், தேதி, ஒப்பமிட்டவர் விவரம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தே ஆகவேண்டும். யார் கேட்டாலும் சரிபார்த்துச் சொல்லவும் வேண்டும். சதுரத்தைப் போலி செய்யலாம்; அலுவலகத்தின் ஏட்டில் அந்த வரியைச் சேர்க்க முடியாது.

ஒப்பம், மேலொப்பம், பதிவேடு. இந்த மூன்றையும் சோழர் அறிந்திருந்தார்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுவார், ஓலைநாயகம் ஒப்பிடுவார், பிறகு ‘வரியில் இடுவார்கள்’, அதாவது கணக்கில் பதிவார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த ஆணை அப்படி உருவானதுதான். 21 செப்பேடுகள், அவற்றைக் கோத்த வளையம், வளையத்தின் வாயை மூடிய, அவன் மகன் ராஜேந்திரனின் முத்திரை. வளையத்தை உடைக்காமல் நடுவில் ஓர் ஏட்டைச் செருக முடியாது. பின்னாளில் அந்தச் செப்பேடுகள் கடல் கடந்து சேர்ந்த இடம் நெதர்லாந்தின் லெய்டன் நகரம். ஓரச்சான்று பிறந்த ஹேக், அங்கிருந்து ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும்.

கையெழுத்துக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயரும் அந்த நாளைய ‘ஒப்பு’தான்: கையொப்பம். சங்கரன்கோவில் பதிவாளர் இட்ட அந்த ஒப்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு குழந்தையின் பிறந்தநாள் மஸ்கட் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.